செல் ரிப்பேர்

மகள் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கூட்டி வந்தவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“செல் ரிப்பேர் பண்றீங்கன்னு சொன்னா. சொந்தக் கடையா?”

“இல்ல சார், சம்பளத்துக்குத்தான்.”

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “அதுல அப்படி என்ன வேலை?”

“ஆக்ஸிஜன் பட்டுப் பட்டு ஒரு மாதிரி துருப்பிடிச்ச கணக்கா ஆயிடும் சார். அதுக்கு முன்னாடி காப்பாத்தணும். செத்துட்டா அவ்வளவுதான்.”

“செத்தா என்ன? புதுசு ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு.”

“கடையில கிடைச்சா இவ ஏன் சார் தினமும் இன்சுலின் போட்டுக்கறா?”

அப்பா மகளை முறைத்தார். ஊசி விஷயத்தை மட்டும் அவனிடம் மூச்சு விடாதே என்று காலையில்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“முதல் நாளே சொல்லிட்டேம்பா,” என்றாள் மகள். “இவர் ஆராய்ச்சிக் கூடத்துல பாக்கறது போன் இல்ல. கணையத்துல இன்சுலின் சுரக்கற செல். என்னோடது செத்த கதையக் கேட்டுத்தான் எங்களுக்குள்ள பேச்சே ஆரம்பிச்சுது.”

அப்பா காலையிலிருந்தே சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த உடைந்த போனை வெளியே எடுத்தார்.

“அப்ப இத யாரு ரிப்பேர் பண்ணுவா?”