கூடுதலாக ஒரு நட்சத்திரம்

பட்டுச்சேலை டிசைனுக்காகத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவது சுகாசினியின் வேலை. ஒரு துளை தப்பாக விழுந்தாலும் பூ கோணலாகிவிடும். உடனே தாளை வட்டமாக வெட்டி ஒட்டி அடைத்துவிடுவாள்.

அதே கண்ணோடுதான் வாசகசாலையின் பழைய வானநூலையும் படித்தாள். அதை எழுதியவர் ஆவிகளையும் சோதித்துப் பார்த்த விஞ்ஞானி. “பிழை கண்டால் வட்டமிடுங்கள். செத்த பிறகும் வந்து திருத்துவேன்” என்று முன்னுரையில் சவால் விட்டிருந்தார்.

நட்சத்திரப் படத்தில் ஒரு புள்ளி அதிகம். சுகாசினி பென்சிலால் வட்டமிட்டாள்.

“அது மை சிந்துனதும்மா,” என்று சிரித்தார் நூலகர் தணிகாசலம். “தொண்ணூறு வருசமா யாருக்கும் தெரியாத தப்பு உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“எண்ணிப் பாத்துட்டுதான் சொல்றேன் சார். வானத்துல அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல.”

அவர் புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனார். கருடசேவைக் கூட்டத்தில் வாசகசாலை நாலு நாள் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பீரோவை அவரேதான் திறந்தார். அந்தப் புள்ளியின் மேல் வட்டமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. தணிகாசலம் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுகாசினி தொட்டுப் பார்த்தாள். பசை ஈரமாக இருந்தது.

“ஒத்துக்கினாரு, பாத்தீங்களா சார்!” என்றவள், பென்சிலைச் சீவிக்கொண்டு அடுத்த படத்துக்குப் பக்கத்தைப் புரட்டினாள்.