உச்சிப்புளிக்கு முன்னால் ஒரு தையல்

சுகந்தியின் மடியில், என் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த பெட்டியைக் காட்டித்தான் எதிரில் நின்றவர் கேட்டார்.

"தங்கச்சி, இந்த மிஷினுல இதை ஒரு ஓட்டு ஓட்டித் தர முடியுமா?"

ராமேஸ்வரம் பாசஞ்சர் அப்போதுதான் ராமநாதபுரத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. அவர் ஒரு மஞ்சள் துணிப்பையை நீட்டினார். வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. இன்னொரு கையில், நெஞ்சோடு அணைத்தபடி, சிவப்புத் துணியால் வாய் கட்டிய சின்ன மண்கலயம்.

கலயத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அஸ்தி. ராமேஸ்வரத்தில் கரைக்கக் கொண்டு போகிறார். கடலுக்குப் போய்ச் சேரும்வரை கீழே வைக்கக் கூடாது, கழுத்தில் தொங்கவிட்டிருக்க வேண்டும். பை பிய்ந்துபோனது. பாவம்தான்.

ஆனால் மிஷின் எங்களுடையது. அன்று காலையில்தான் என் மருமகள் சுகந்தி அதை வாங்கினாள்.

கேணிக்கரையில் ஒரு வீட்டில் வாங்கினாள். நான் டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் மட்டும் ஆட்டோவில் போய்த் தூக்கி வந்தாள். கை மிஷின். வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ள வேண்டும். கரண்ட் வேண்டாம், கால் மிதியும் கிடையாது. யார் வீட்டுக்கும் தூக்கிப் போய்த் தைத்துக் கொடுத்துவிட்டு வரலாம். இத்தனை நாளும் டவுனில் அடுத்தவர் கடையில் குனிந்து உட்கார்ந்து தைத்தவள், இனி தன் மிஷினில் தைப்பாள்.

சாமான் வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கத்தரிக்காயையே காம்பைத் திருகிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள்.

பழசு வாங்குவதில் எனக்கும் குறை இல்லை. சாவு விழுந்த வீட்டுச் சாமானாக மட்டும் இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். எல்லாம் விசாரித்துவிட்டேன் என்றாள்.

முதல் தையலுக்கும் ஏற்பாடு இருந்தது. உத்தரகோசமங்கை அம்மனுக்குச் சாத்த, அரக்குக் கரை வைத்த பட்டுத் துண்டு ஒன்று என் பையில் இருந்தது. அம்மன் பாவாடை தைத்து முடித்த கையோடு, பக்கத்து வீட்டு முருகலட்சுமி மகளின் கல்யாண ஜாக்கெட். முருகலட்சுமி லேசுப்பட்டவள் இல்லை. மிஷினை எதில் தொடங்கினீர்கள் என்று கேட்காமல் துணியைக் கையில் கொடுக்க மாட்டாள். அவள் வீட்டில் நல்ல பெயர் வாங்கிவிட்டால் ஊரே வரும். அஸ்திப் பையில் தொடங்கினோம் என்று காதில் விழுந்தால், ஒரு பிள்ளைச் சட்டைகூட வராது.

"ஒரு முடிச்சுப் போட்டுக்கங்க தம்பி, ராமேஸ்வரம் வரைக்கும் தாங்கும்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுகந்தியைப் பார்த்தபடி நின்றார்.

அவள் சேலையை அவிழ்த்து, பெட்டி மூடியைத் தூக்கிவிட்டாள்.

முழங்கையால் இடித்தேன். "ஏத்தா, உச்சிப்புளி வந்துரும். எறங்கணும்."

"வாரதுக்குள்ள முடிச்சுருவேன் அத்தை. நீங்க மிஷினை மட்டும் ஆடாமப் புடிங்க."

பிடிக்காமல் என்ன செய்வது. வண்டி போட்ட ஆட்டத்தில், விட்டால் சன்னல் வழியாகப் போய்விடும். கோபத்தோடுதான் பிடித்தேன்.

ஊசியில் மஞ்சள் நூல் கோத்தபடியே இருந்தது. பாபினிலும் நூல் மிச்சமிருந்தது. விற்றவர்கள் உருவிக்கொள்ளவில்லை.

வாரை மடித்து ஊசிக்கடியில் கொடுத்தாள். வண்டி குலுங்கியபோதெல்லாம் சக்கரத்தில் அவள் கை நின்றது. குலுக்கல் அடங்கியதும் சுற்றியது. ஒரு சதுரம் போட்டாள். அதன் நடுவே மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு ஓட்டு. எள்ளை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி தையல். ஓடுகிற ரயிலில் விழுந்தது என்று சொன்னால் டவுன் கடைக்காரன்கூட நம்ப மாட்டான். என் கோபம் எந்த இடத்தில் விட்டுப் போனது என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பார்க்கவில்லை. கலயத்தை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சக்கரம் சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

சுகந்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் கலயத்தைப் பைக்குள் இறக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

உச்சிப்புளியில் இறங்கினோம். வண்டி நகர்ந்தபோது அவர் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். எங்களை என்றா சொன்னேன்? அவர் கண் பெட்டியின் மேல் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வந்து கேட்டபோது பெட்டி மூடியிருந்தது. மேலே சேலை வேறு சுற்றியிருந்தது. உள்ளே இருப்பது மிஷின் என்று இவருக்கு யார் சொன்னார்கள்?

சுகந்தியிடமே கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவுக அம்மா மிஷினு, அத்தை. தைக்கிற ஒரு கையில இதைக் குடுத்துட்டுத்தான் என்னையக் கரைக்கணும்னு சொல்லிட்டுப் போனாகளாம். உங்ககிட்டச் சொன்னா வாங்க விட்டுருக்க மாட்டீக."

பிளாட்பாரத்தில் ஆள் இல்லை. வெயில் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த நூலு?" என்றேன்.

"அந்தம்மா கோத்து வச்சதுதான்."

பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

"அப்ப அது அந்தம்மாவோட கடைசித் தையலு. நம்ம மொதத் தையலு இன்னும் விழுகலடி. நட, முருகலட்சுமி வாரதுக்குள்ள பாவாடையைத் தைக்கணும்."