கண்ணாடியில் தூக்கிய புருவம்

மதிய வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டுக் கார்ட்டூன் ஓவியரின் முகத்தில் தெறிக்கிறது. எந்த முகத்தை வரைந்தாலும் முதலில் கண்ணாடி பார்த்துத் தன் முகத்தை அந்த முகமாக்கிக்கொள்வது அவர் வழக்கம். இன்று, எப்போதோ செத்துப்போன சினிமா வில்லன் நடிகரைத் தன் கார்ட்டூன் தொடரில் நக்கலடிக்கும் காட்சி. இடப் புருவத்தைத் தூக்கி, உதட்டைக் கோணிக்கொண்டு வரைகிறார். பக்கத்து மேசைக்காரி வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். வரைந்து முடித்துப் பென்சிலை வைக்கிறார். புருவம் இறங்கவில்லை. "போதும்ணே, விடுங்க" என்கிறாள் அவள், சிரிப்பு பாதியில் நிற்க. விரலால் அழுத்திப் பார்க்கிறார். உதடும் கோணியபடியே இருக்கிறது. போன் சிணுங்குகிறது. வீடியோ அழைப்பில் மனைவி. எடுக்கிறார். அவள் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்கிறாள்: "சார், என் வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா?"