வெள்ளை மூடி டப்பா

லிஃப்ட் மெக்கானிக் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் உட்கார்ந்து வெகு நேரமாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை.

மடியில், ஆய்வகத்தில் கொடுத்த வெள்ளை மூடி டப்பா. அதில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். புதிதாக, இன்றைக்கே.

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம், பதறாதீங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க என்று வெளியிலிருந்து தைரியம் சொல்வது அவன் தொழில். இப்போது அதையே தனக்குச் சொல்லிக்கொண்டான். வயிறு கேட்டால்தானே.

இத்தனைக்கும் அது சொன்ன பேச்சு கேட்கிற வயிறு. காலையில் ஒரு வாய் காபி உள்ளே போனால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். இன்றைக்கென்று பார்த்து வேலைநிறுத்தம் செய்தது.

மேல்மாடி வார்டில் அவனுடைய அண்ணன் படுத்திருந்தார். தையல்கடை வைத்திருப்பவர்.

அவருக்கு மார்ச்சளி முற்றியதற்குக் கொடுத்த மாத்திரைகள் கெட்ட கிருமிகளோடு குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் துடைத்துப் போட்டுவிட்டன. காலியான இடத்தில் பொல்லாத கிருமி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். ஆள் பாதியாகிவிட்டார். தானே அளவெடுத்துத் தைத்த கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

அண்ணி தயிர் கொடுத்துப் பார்த்தாள். நல்ல கிருமிகளை அடைத்து விற்கிற மாத்திரையையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை.

"நாலு பேரை அனுப்பினா அடி வாங்கிட்டுத் திரும்பிடுவாங்கம்மா. ஒரு ஊரையே கொண்டுபோய்க் குடிவைக்கணும்" என்றாராம் டாக்டர்.

அந்த ஊர் ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் இருக்கிறது. அதைக் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் விடுவார்கள்.

இதைக் கேட்டபோது மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை என்பது போனிலேயே தெரிந்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

"எல்லாரையும் சோதிச்சுப் பார்த்தாச்சு தம்பி, ஒருத்தரும் தேறலை. உங்களை விட்டா வேற வழியில்லை. உங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஒத்துக்கவே மாட்டாரு."

ஒத்துக்கொள்ள மாட்டார்தான். அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

அப்பா போன அன்று வீடு நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் அண்ணன் சொன்னார், இவன் அப்பாவைப் பார்க்க மகனாகவா வந்தான், விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போனான் என்று. மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவன்தான், அந்த வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆறவே இல்லை.

இருந்தும், அண்ணி கேட்ட மறுநாளே ரத்தம் கொடுத்தான். அதையும் இதையும் டப்பாக்களில் கொடுத்தான். எல்லாச் சோதனையிலும் தேறினான். பள்ளிக்கூடத்தில் அண்ணன்தான் எப்போதும் முதல் மாணவன். இவன் தட்டுத்தடுமாறி மேலே வந்தவன். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறான், அதையும் வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது.

மறுபடி முக்கிப் பார்த்தான். நெற்றி வேர்த்ததுதான் மிச்சம்.

பயமாக இருந்தது. இது வராவிட்டால் அண்ணன் பிழைப்பாரா? கடைசியில் இதுகூட அவனால் ஆகவில்லை என்று ஆகிவிடுமோ? கண்ணை மூடினால், எலும்பும் தோலுமாக அண்ணன் வந்து நின்றார்.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். டப்பா கொடுத்தனுப்பிய ஆய்வகப் பெண்.

"சார், ரொம்பக் கஷ்டப்படாதீங்க. வரலைன்னா விட்டுடுங்க. ஃப்ரீசர்ல வேற ஆளுங்க கொடுத்தது எப்பவும் தயாரா இருக்கும், அதையே எடுத்துக்கலாம்."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வேற வழியே இல்லைன்னுதானே என்னை வரச் சொன்னாங்க?"

"யார் சொன்னது? ஃப்ரீசர்ல இருக்கறதை வைச்சிடலாம்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டாரு. உங்க அண்ணன்தான் கேக்கலை. யாரோ எவரோடதோ எனக்கு எதுக்கு, என் தம்பி இருக்கான், கேட்டா வருவான், அதுவரைக்கும் காத்திருக்கேன்னாரு. இப்பக்கூட, வந்துட்டானான்னு ரெண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டாச்சு."

அவள் மறுபடி கதவைத் தட்டினாள்.

"சார்? எடுத்துடட்டுமா?"

மெக்கானிக் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணனை இருக்கச் சொல்லுங்க மேடம்" என்றான். "எவ்வளவு நேரமானாலும் சரி, அந்த ஃப்ரீசரை மட்டும் திறந்துடாதீங்க."