மடிப்பாறை

அவர் சின்ன உள்ளி ஒன்றை எடுத்துத் தம்பிக்கு முன்னால் தரையில் வைத்தார்.

இது குருசுப்பாறை.

கொஞ்சம் தள்ளி இன்னொன்றை வைத்தார். இது கழுகுப்பாறை. அதையும் தாண்டினால் ஒற்றைக்கல். காலையில் வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் அலை அடங்கிக் கிடக்கும்.

அவர் மனைவி கிளாரா அடுக்களை வாசலில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து எடுத்துக்கொள்ளலாம், தொட்டுக்கொள்ள மிளகாய் அரைக்கலாம் என்றாள். குடைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

தெருவில் போகிறவர்கள் பார்த்தால், குடும்பத்தோடு கடல் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும் என்றுதான் அவரும் அந்தத் தொனியிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

மகன் அஜின் கடலில் விழுந்து நான்கு நாள் ஆகிறது.

தூண்டில் போடத் தனியாகப் போனவன். அவனுடைய மோட்டார் வள்ளம் மட்டும் ஆளில்லாமல் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கரைக்கு இழுத்து வந்தார்கள். நாளை அந்த வள்ளத்தில்தான் போகிறார்கள்.

ஊர் வள்ளங்கள் நேற்றோடு தேடுவதை நிறுத்திவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

ஆனால் அவர்கள் ஓர் இடத்தை மட்டும் பார்க்கவில்லை.

மடிப்பாறை.

குருசுப்பாறைக்கும் கழுகுப்பாறைக்கும் நடுவே, இரண்டு பாறைகள் சேர்கிற பள்ளம். கடல் எடுத்த ஆளை அங்கேதான் கொண்டுவந்து கிடத்தும். இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் தாமாகப் போக மாட்டார்கள். காணாமல் போனவனின் வீட்டிலிருந்து ஒருவர் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வள்ளம் அந்தப் பக்கம் திரும்பும்.

சொல்லிவிட்டால், அவன் இனி இல்லை என்று வீடு ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

நான்கு நாளாக ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மற்ற எல்லாப் பாறைகளின் பெயரையும் சொன்னார்.

“நாளக்கழிச்சு அமாவாசயாக்கும் அண்ணே” என்றான் தம்பி ததேயு. தரையில் இருந்த உள்ளிகளை அவன் பார்க்கவில்லை. முற்றத்தில் காத்திருந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னான்.

அமாவாசைக்குக் கடல் ஏறும். மடிப்பாறையில் கிடப்பதை வழித்தெடுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் கல்லறையில் வைக்க ஒன்றும் மிஞ்சாது. பெட்டிக்குள் வெறும் சட்டையை மடித்து வைத்து அடக்கம் செய்த வீடுகள் இந்த ஊரில் உண்டு. அந்தப் பெட்டிகளில் ஒன்றை அவரே தோளில் சுமந்திருக்கிறார். கனமே இல்லை.

“தெரியும்” என்றார்.

பெண்களும் வரட்டும் என்று சொன்னது அவர்தான். பார்க்கிற கண் கூடுதலாக இருந்தால் நல்லது என்றார். பெண்களை ஏற்றிக்கொண்டு யாரும் மடிப்பாறைக்குப் போக மாட்டார்கள். அந்தக் கணக்கு ததேயுவுக்கும் புரிந்திருக்கும். அவருக்கே தன்னை நினைக்கக் கேவலமாக இருந்தது. பெற்ற அப்பன், மகனைத் தேடுகிற சாக்கில் மகனிடமிருந்து ஓடுகிறான்.

“அவனுக்கும் சேத்துக் கட்டட்டா?” என்றாள் கிளாரா. “கெடைக்கும்போ பசியோடல்லா இருப்பான்.”

“கட்டு.”

மருமகள் ஷைனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரப்பர் தோட்டத்து ஊரிலிருந்து வந்தவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கரையில் கட்டிக்கிடந்த வள்ளத்தில் ஏறியே வாந்தியெடுத்தவள் என்று அஜின் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கடல் விஷயத்தில் அவளை யாரும் ஓர் ஆளாகச் சேர்த்ததில்லை.

அவள் எழுந்து வந்தாள்.

கிளாராவின் சட்டியிலிருந்து ஓர் உள்ளியை எடுத்தாள். குருசுப்பாறைக்கும் கழுகுப்பாறைக்கும் நடுவே வைத்தாள்.

“மடிப்பாறையப் பாக்காண்டாமா மாமா?”

கிளாராவின் கத்தி நின்றது.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. விவரம் தெரியாத பெண், எங்கேயோ காதில் விழுந்த பெயரைச் சொல்கிறாள். வெளியூர்க்காரி சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்லிச் சமாளிக்கத்தான் தலையை நிமிர்த்தினார்.

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

தாலியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

வீட்டு ஆண்பிள்ளைகள் சொல்லாததை இந்தச் சின்னப் பெண் சொல்லிவிட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அதைச் செய்யத் தெரியாமல் அந்த உள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ததேயு தலைத்துண்டை அவிழ்த்தான்.

கிளாரா அலறினாள். நான்கு நாளாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. முற்றத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ததேயு கை கொடுத்தான்.

“பொம்பளைய ஆரும் வரண்டாம்” என்றார் தம்பியிடம். “நடுப்பலகயக் கழத்திரு. வள்ளத்துல கெடத்த எடம் வேணும்.”