காலியாக இருந்த கட்டம்

"நம்ம ஸ்கேலு நோட்டுலயே கட்டம் காலியா இருக்கு!"

வாத்தியார் நோட்டைத் தூக்கிக் காட்டியதும் மாலை ஆங்கில வகுப்பே கைதட்டியது. ஸ்கேல் வைத்துக் கோடு போடாமல் ஒரு வரிகூட எழுதமாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். பக்கத்துக்கு நான்கு கட்டம்: ஆங்கிலச் சொல், எங்கே பார்த்தது, பொருள், சொந்த வாக்கியம். எழுதியது சரிதானா என்று சந்தேகம் வந்து, ஒவ்வொன்றையும் மறுநாள் சரிபார்த்துப் பென்சிலால் ஒருமுறை டிக் போடுவான்.

நூற்றுப் பதினான்காவது சொல்லுக்கு மட்டும் பொருளும் இல்லை, வாக்கியமும் இல்லை. மூன்று வாரமாக அப்படியே கிடந்தது.

"காதலி பேரா இருக்கும் சார், அர்த்தம் எழுத வெட்கமா இருக்காதா?" என்றாள் தையல்காரம்மா. வகுப்பு சிரித்தது. அவனும் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவன் பையிலேயே அகராதி இருந்தது. அந்தச் சொல் இருக்கும் பக்கத்துக்கு முந்தைய பக்கம் வரை எத்தனையோ தடவை போயிருக்கிறான். அங்கே வந்ததும் விரல் நின்றுவிடும், மூடிவிடுவான். 'சுத்தமான' என்று இருக்கலாம். 'குளிர்ந்த' என்றுகூட இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்துவிட்டால் போதும், ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்குவான்.

"கோப்பியஸ்" என்று அந்தச் சொல்லை வாத்தியார் பலகையில் எழுதினார். "நல்ல சொல்லாச்சே! ஏராளமானன்னு அர்த்தம்."

அவன் பேனாவைத் திறந்தான். எழுதவில்லை.

"எங்க கடையில கோப்பியஸ் கஸ்டமர்ஸ். சரியா சார்?" என்றாள் தையல்காரம்மா.

"உங்க கடையில கூட்டம்னா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஆளுங்களுக்கு இந்தச் சொல் வராது. பக்கம் பக்கமா குறிப்பெடுத்தா கோப்பியஸ் நோட்ஸ். அழுகை நிக்காம வழிஞ்சா கோப்பியஸ் டியர்ஸ். கொட்டணும், வழியணும், நிறைஞ்சு போகணும்."

"எவ்வளவு சார்?" என்று அவன் எழுந்தான். "ஒரு மக் தண்ணி... அதை கோப்பியஸ்னு சொல்லலாமா?"

மறுபடியும் சிரிப்பு. "அளவு கேட்காம இவனுக்கு எதுவும் இறங்காது!" என்றார் வாத்தியார். "ஒரு மக் தண்ணியில என் மூக்குக் கண்ணாடியைக்கூட ஒழுங்கா கழுவ முடியாதேப்பா."

"அவசரத்துக்கு, சார். ஒரு மக்... பத்தாதா?"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. வாத்தியார் நோட்டை மறுபடி பார்த்தார். 'எங்கே பார்த்தது' என்ற கட்டத்தில் 'ஆசிட் கேன் லேபிள், பேட்டரிப் பட்டறை' என்று அச்சுப்போல் எழுதியிருந்தது.

"ஓ, அந்த வாக்கியமா! கண்ணுல பட்டா கோப்பியஸ் தண்ணியால கழுவவும்னு போட்டிருப்பான். குழாயைத் திறந்து விட்டுட்டு, கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு, கால் மணி நேரமாவது நிக்கணும். அதுதான் கோப்பியஸ். புரிஞ்சுதா? எழுது."

அவன் உட்கார்ந்தான். 'ஏரா' என்பது வரை எழுதினான். மீதி எழுத்துகள் வரவில்லை. வராந்தாவில் யாரோ திறந்துவிட்டுப் போன குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. அது தனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று அவன் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தான்.

மணி அடித்தது. பெஞ்சுகள் நகர்ந்தன.

வாசலில் பட்டறை அண்ணன் வந்து நின்றார். கூடப்பிறந்தவர் இல்லை, அவன் வேலை செய்யும் பேட்டரிப் பட்டறையில் அவனுக்கு மூத்த தொழிலாளி. இரண்டு வாரமாகத் தினமும் வெளி பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு காத்திருப்பார். அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பார். கண்ணில் ஏதோ கோளாறு என்பதற்கு மேல் வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

"பாடம் வெளியவரைக்கும் கேட்டுச்சு சார்" என்றார் அண்ணன். "ஆசிட் பட்டது எனக்குத்தான். ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணுல நிழல்மாதிரி தெரியுது."

வாத்தியாரின் கையில் இருந்த சாக்பீஸ் கீழே வந்தது. "உடனே கழுவலையா?"

"கழுவினோமே! கேன்ல போட்டிருந்தபடியே ஒரு மக் தண்ணி ஊத்தி, துணியால ஒத்தி எடுத்தோம். அதுக்கு மேல என்ன செய்ய?"

"கேன்ல அப்படியா போட்டிருந்துச்சு? அந்த லேபிளைப் படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா அங்க இல்ல?" வாத்தியாரின் குரல் உயர்ந்தது.

பக்கத்தில் வந்து நின்றிருந்த அவனைத் தேடி அண்ணன் காற்றில் கையை நீட்டித் துழாவினார். அவன் தோள் கிடைத்ததும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பெருமையாக இருந்தது.

"ஏன் இல்லாம? நம்ம தம்பிதான் சார் படிச்சுச் சொன்னான்!"