தங்க முத்திரைப் பெட்டி

ஜப்பானில் சாமுராய்களின் காலம் முடியப்போகிற சமயம். ஒரு பிரபு தலைநகருக்கு ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய பல்லக்குக்கு முன்னால், ஒரு சுமையாளின் தோளில், தங்க முத்திரை பதித்த பெட்டி ஒன்று ஜம்மென்று போனது. அதிலிருந்த பட்டுத் துணிகளையெல்லாம் எப்போதோ விற்றுச் சாப்பிட்டாகிவிட்டது. பெட்டி கனமாகத் தெரியட்டும் என்று பிரபுவே அதில் கல்லைப் போட்டு நிரப்பியிருந்தார்.

"பல்லக்கு அண்ணே, ஊரே மண்டிபோட்டுக் கும்பிடுது. எனக்கு உடம்பெல்லாம் கூசுது" என்றது பெட்டி.

"பேசாம வா. உன்னைத் திறந்து பார்க்க எவனுக்குத் தைரியம் இருக்கு?"

சொல்லி வாய் மூடவில்லை, சுமையாள் மழைச்சேற்றில் வழுக்கி விழுந்தான். பெட்டியின் மூடி தெறித்து எங்கோ போனது. கற்கள் உருண்டு, வழியோரம் மண்டியிட்டிருந்த ஒரு குடியானவன் முன்னால் போய் நின்றன.

சிரிக்கப் போகிறான் என்று பெட்டி கூனிக் குறுகியது.

அவன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்து, தன் தலைத்துண்டால் சேற்றைத் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திப் பெட்டிக்குள் பூப்போல வைத்தான். பிறகு பல்லக்கின் பக்கம் தலைகுனிந்து, "எஜமான், ஒண்ணும் உடையலீங்க" என்றான்.

பல்லக்கின் திரையை உள்ளேயிருந்து ஒரு கை இழுத்து மூடியது. மூடிக்கொள்ள வழியில்லாத பெட்டி, அவன் முன்னால் அப்படியே திறந்து கிடந்தது.